எக்ஸை இன்டு என்று படித்தவள்

போல்ட் விஷயத்தில் எனக்குக் கண்ணே தேவையில்லை. உள்ளங்கையில் ஒன்றை வைத்தால் போதும், தடிமன் எட்டா பத்தா, நீளம் இருபத்தைந்தா முப்பதா என்று சொல்லிவிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் பேக்கிங் மேசை முன்னால் பதினான்கு வருடம் நின்றால் யாருக்கும் இது வந்துவிடும். எனக்குக் கூடவே முட்டிவலியும் வந்தது.

போல்ட்டை எடைபோட்டு, டப்பாவில் நிரப்பி, லேபிள் ஒட்டுவது என் வேலை. லேபிளில் M8x25 என்று இருக்கும். எட்டு எம்.எம். தடிமன், இருபத்தைந்து நீளம். அதை நாங்கள் "எட்டு இன்டு இருபத்தஞ்சு" என்போம். நடுவில் இருக்கும் அந்த x எங்கள் கம்பெனியில் யாருக்கும் எக்ஸ் இல்லை. இன்டுதான்.

போன ஏப்ரலில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஸ்டோர்ஸ் பார்ப்பவர் ஜூலைக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்றார்.

"ஏம்மா, ஸ்டோர்ஸை நீயே பாத்துக்கிறியா? எந்த சைஸ் எங்க இருக்குன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஸ்டோர்ஸ் என்றால் நாற்காலி. உட்கார்ந்து பார்க்கும் வேலை. என் முட்டி இரண்டும் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"பத்தாவது மார்க் ஷீட் காப்பி ஒண்ணு குடுத்துடு. ஆடிட்டுக்கு வர்றவங்க ஸ்டோர்ஸ் இன்சார்ஜோட சர்டிஃபிகேட்டைக் கேப்பாங்க."

வேலைக்குச் சேர்ந்தபோது என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். "பத்தாவது" என்றேன். அது பொய்யில்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். கணக்கில் மட்டும் நூற்றுக்கு இருபத்தொன்று. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு, ஆஃபீசில் இருந்த ஒருவர் படிவத்தில் "தேர்ச்சி" என்ற இடத்தில் டிக் அடித்தார். அவர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் பொய் ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஆஃபீஸ் ரூம் பக்கம் யாராவது என் பேரைச் சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

"ஷீட்டு அக்கா ஊட்ல பீரோவுல கீது சார். கொண்டாரேன்" என்றேன். அக்கா வீடும் உண்மை, பீரோவும் உண்மை. மார்க் ஷீட்டும் அங்கேதான் இருந்தது, இருபத்தொன்றோடு.

வீட்டுக்காரரிடம் மறைக்க எதுவும் இல்லை. கல்யாணமான ஆறாவது மாதமே அவருக்குத் தெரியும். திருநின்றவூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா இப்போ? நானே எட்டாங்கிளாஸ். நீ பத்தாவது ஃபெயிலுன்னா என்னைவிட ரெண்டு கிளாஸ் மேலதானே?" அந்த மனுஷனுக்கு எல்லாமே இப்படித்தான் சுலபம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவருடைய முட்டி வலிக்கவில்லை, அவர் கையெழுத்துப் போடவில்லை.

பல்வலி என்று அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு சேவை மையத்துக்குப் போனேன். தனித்தேர்வராக, கணிதம் மட்டும், துணைத்தேர்வுக்குப் பதிவு செய்தேன். தேர்வு ஜூலை தொடக்கத்தில். முடிவு மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்றார்கள். ஸ்டோர்ஸ்காரர் போவதும் மாதக் கடைசி. நூல் இழை இடைவெளி. பாஸானால் நாற்காலி. இல்லையென்றால் நாற்காலியும் இல்லை, அந்த டிக்கும் அம்பலம். வேலையே இருக்குமா என்பது கூடத் தெரியாது.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். ஒன்றும் புரியவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து ஆரம்பிப்போம் என்று பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்கினேன். அதில் இயற்கணிதம். "ஒத்த உறுப்புகள், மாறுபட்ட உறுப்புகள்." அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. டீச்சர் போர்டில் உறுப்பு என்று எழுதியதும் பின்பெஞ்சில் நாங்கள் மூக்கையும் காதையும் தொட்டுக் காட்டிச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது. அதற்கான தண்டனைதான் இருபத்தொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில் ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் பட்டரவாக்கம் வரும்வரை படிப்பேன். புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு, வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவேன். ஒருநாள் நான் தட்டு கழுவப் போன நேரத்தில் அந்தத் தாளை ஒருத்தி எடுத்துவிட்டாள்.

எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவள் அவள். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பன்னிரண்டாவது பாஸ். அளவு பார்க்கும் கேஜை வைத்து ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்துத் திருப்பி அனுப்புவதில் இரக்கமே கிடையாது. பர்தாவைக் கழற்றி மாட்டிவிட்டு நீல கோட்டை மாட்டினாள் என்றால் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். நான் ஒருத்திதான் கொடுப்பேன். அதனாலேயே நாங்கள் சிநேகிதிகள்.

"இன்னாக்கா இது? இருவத்திமூணுன்னு போட்டு வச்சிகினு கீறே?"

தாளைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. கணக்கு இதுதான்: 3x + 5 + 2x + 4 என்பதைச் சுருக்குக. நான் போட்டிருந்த விடை 23.

"எப்டி வந்துச்சு, சொல்லு."

"மூணு இன்டு அஞ்சு பதினஞ்சு. ரெண்டு இன்டு நாலு எட்டு. பதினஞ்சும் எட்டும் இருவத்திமூணு. இதுல இன்னாடி தப்பு?"

அவள் தாளைப் பார்த்தாள். மேசையில் இருந்த லேபிளைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானை இல்லாததால் நீல கோட்டின் கையில் துடைத்துக்கொண்டாள்.

"யக்கா, அது இன்டு இல்லக்கா. எக்ஸு. எக்ஸு!"

"அப்போ எக்ஸுக்குப் பக்கத்துல எதுக்குக் கூட்டல் கீது?"

"கூட்டத்தான்!"

எனக்கு அந்தக் கூட்டல் குறி கண்ணில் படாமல் இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன். 3x5 என்று ஒழுங்காகப் போடாமல் நடுவில் எதற்கு இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சடித்தவனைத் திட்டிக்கூட இருந்தேன். பதினான்கு வருடமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஒரு எழுத்தை இன்டு என்று படித்தவளுக்கு, அது திடீரென்று வேறு ஒன்றாக எப்படி மாறும்?

கோபம் போனதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். இருபத்தொன்று, டிக், கையெழுத்து, பீரோ, எல்லாம். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ பாஸ் பண்ணியே ஆவணும்" என்றாள். மிரட்டல் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் அதே கணக்கை மறுபடி போட்டேன். 3x-உம் 2x-உம் சேர்ந்து 5x. ஐந்தும் நாலும் ஒன்பது. சரி. ஆனால் 5x + 9 என்று அந்தரத்தில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. விடை என்றால் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஐந்தும் ஒன்பதும் பதினாலு என்று கூட்டி, 14x என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் மேசையில் இருந்த போல்ட் டப்பா ஐந்தை வரிசையாக வைத்தாள். பக்கத்தில் ஒன்பது வாஷரை உதிரியாகப் போட்டாள்.

"இத்த எல்லாம் ஒரே பொட்டியில போட்டுப் பதினாலுன்னு கட்டுறேன்னு வச்சிக்க. அதும்மேல இன்னா லேபிள் ஒட்டுவே?"

எந்த லேபிளும் ஒட்ட முடியாது. போல்ட் என்றும் ஒட்ட முடியாது, வாஷர் என்றும் ஒட்ட முடியாது. அப்படிக் கலந்த பெட்டி கஸ்டமருக்குப் போனால் மறுநாளே திரும்பி வரும். மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கத்துவார். சைஸ் கலந்துவிடக் கூடாது என்பதில் அந்தக் கம்பெனியிலேயே நான்தான் மோசமான ஆள். ஒரு டப்பாவில் ஒரே ஒரு போல்ட் மாறியிருந்தாலும் புதுப் பெண்களை அழ வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் காகிதத்தில் போல்ட்டையும் வாஷரையும் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

அதற்குப் பிறகு வேகம் பிடித்துவிட்டது. 4x + 3y + 2x − y என்றால் இரண்டு டப்பா. எக்ஸெல்லாம் இதில், ஒய்யெல்லாம் அதில். 6x + 2y. லேபிள் ஒட்டியாகிவிட்டது, மேலே கை வைக்காதே. ரயிலில் விரலை மடக்கி மடக்கி நான் முணுமுணுப்பதைப் பார்த்து, எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் கால்களை மடக்கிக்கொண்டார்.

x-இன் தலையில் சின்னதாக ஒரு 2 உட்கார்ந்திருக்கும் கணக்கில்தான் மறுபடி தடங்கியது. x²-உம் x-உம் ஒரே எக்ஸ்தானே, சேர்க்கலாமா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. மேசையில் இரண்டு குவியல் கிடந்தன. இரண்டும் பத்து இன்டு நாற்பது. ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே திருகு மரை. ஒன்றின் தலையில் 8.8 என்று அடித்திருக்கும், மற்றதன் தலையில் 10.9. எவ்வளவு பலம் தாங்கும் என்பதற்கான எண் அது. எட்டு எட்டு போக வேண்டிய இடத்துக்குப் பத்து ஒன்பது போனாலும் தப்பு, தலைகீழாகப் போனால் அதைவிடத் தப்பு. என் கையால் கூட அதைக் கண்டுபிடிக்க முடியாது, தலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். ஆகவே தலையில் எண் மாறினால் சரக்கு மாறிவிட்டது. அவ்வளவுதான். இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. பூந்தமல்லிக்காரியிடம் சொன்னேன். "பரவால்லியே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் கட்டாயம் வரும். இரண்டும் சேர்த்துப் பதினாறு மார்க். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் கரையேறிவிடலாம் என்பது ஃபெயிலான எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். அவள் எனக்கு ஒரு கிராஃப் நோட்டு வாங்கித் தந்தாள். மே, ஜூன் இரண்டு மாதமும் பரவளையமாகப் போட்டுத் தள்ளினேன். அதற்குள் மேனேஜர் மூன்று தடவை ஷீட் எங்கே என்று கேட்டுவிட்டார். பீரோ சாவி தொலைந்தது, அக்கா சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள், அப்புறம் ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. நான் இவ்வளவு கற்பனை உள்ளவள் என்று எனக்கே தெரியாது.

தேர்வு ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறை வாசலில் என்னைப் பார்த்த கண்காணிப்பாளர், "பேரன்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிக்கணும்மா" என்றார். ஹால் டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "எழுதறதே நான்தாங்க" என்றேன். வகுப்பில் இருந்த பையன்களும் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று போய் உட்கார்ந்தேன்.

ஒரு மார்க் கேள்விகளில் தெரிந்ததை எழுதினேன், தெரியாததற்கு ஏதோ ஒன்றைக் குறித்தேன். முக்கோணம் ஒன்றை வரைந்தேன். கடைசியில் வரைபடம். y = x² − 4x + 3 என்பதை வரைந்து, அதைக் கொண்டு x² − 6x + 9 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். அட்டவணை போட்டேன், புள்ளி வைத்தேன், கிண்ணம் மாதிரி வளைவு அழகாக வந்தது. அடுத்தது மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்து ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கழித்தேன். y = −10x + 12 என்று வந்தது.

கோட்டை வரைந்தேன். அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஒரு பொட்டல் இடத்தில் வளைவை வெட்டிக்கொண்டு போயிற்று. இந்த மாதிரிக் கணக்கை முப்பது நாற்பது தடவை போட்டிருக்கிறேன். கோடு எப்போதும் கட்டத்தின் முனையில் சரியாக வந்து உட்காரும், இப்படி நட்டநடுவில் நிற்காது. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் என்றார் கண்காணிப்பாளர். இந்த எட்டு மார்க் போனால் நான் போய்விடுவேன். ஆஃபீஸ் ரூம், படிவம், டிக் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு விட்டுக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். தலையில் இரண்டு போட்டது மேலே ஒன்று, கீழே ஒன்று. கழித்தால் ஒன்றுமில்லை. சரி. அடுத்து எக்ஸ். மேலே −4x, கீழே −6x. இதை நான் கழிக்கவே இல்லை, கூட்டியிருக்கிறேன். அதனால்தான் −10x. எண்ணிலும் அதே கூத்து. மூன்றிலிருந்து ஒன்பதைக் கழிக்காமல் கூட்டிப் பன்னிரண்டு ஆக்கியிருக்கிறேன். கழிக்கும்போது கீழே இருக்கும் அத்தனைக்கும் குறி மாற வேண்டும். முதல் டப்பாவுக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். −4x-உடன் 6x-ஐச் சேர்த்தால் 2x. மூன்றில் ஒன்பது போனால் −6.

y = 2x − 6.

பழைய கோட்டை ரப்பரால் அழித்தேன், தாள் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து. புதுக் கோட்டுக்கு மூன்று புள்ளி வைத்து ஸ்கேலைப் பொருத்தி இழுத்தேன். அது வளைவை வெட்டவில்லை. மூன்று என்ற இடத்தில் தொட்டது. ஒரே இடம், மிகச் சரியாகக் கட்டத்தின் முனை. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன் பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்தான். மூலங்கள் 3, 3 என்று எழுதி முடிக்கவும் மணி அடித்தது.

முடிவு வந்த அன்று மதியம் அவள் போனில்தான் பார்த்தோம். பதிவு எண்ணை அவளே அடித்தாள். கணிதம், நாற்பத்தொன்று, தேர்ச்சி. அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இரண்டு பேரும் கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் கத்தினோம். பத்தாவதில் ஃபெயிலான நாளிலிருந்து இருபத்துநான்கு வருடம் என் தோளில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து பிரௌசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அதில் அச்சாகியிருந்த வருடம் கண்ணில் பட்டது. இந்த வருடம். படிவத்தில் டிக் அடித்தது பதினான்கு வருடத்துக்கு முன்னால். பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். இறங்கியது பாதிதான் என்று புரிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் போனில் யாரிடமோ லாரி ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். பார்க்காமலே வாங்கி, "அந்த ஃபைல்ல வச்சிட்டுப் போம்மா" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஃபைலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் பார்த்திருக்கவே மாட்டார். பூந்தமல்லிக்காரியும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். வாசல் வரை போனேன். போகும்போதே தெரிந்துவிட்டது, ஆடிட் வரும் ஒவ்வொரு தடவையும் இனி அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க முடியாது, சீட்டு நுனியில்தான் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்தேன்.

"சார், போனை வையுங்க. இத்தப் பாருங்க."

இவ்வளவு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் போனை வைத்துவிட்டார். தாளை வாங்கிப் படித்தார். வருடத்துக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷமா? அப்போ நீ சேரும்போது?"

"ஃபெயிலு சார். கணக்குல இருவத்தொண்ணு."

கதவுக்கு வெளியே நின்றிருந்த இரண்டு பேருக்குக் கேட்டிருக்கும். நான் சத்தமாகத்தான் சொன்னேன்.

"டிக் யார் அடிச்சது?"

"ஆஃபீஸ்ல கீறவரு அடிச்சாரு. கையெழுத்து நான்தான் போட்டேன் சார்."

அவர் ஃபைலை எடுத்து என் படிவத்தைத் தேடினார். அந்த டிக்கை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இந்த வருடத்தை எழுதி, என் பக்கமாகத் திருப்பினார்.

"பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடு" என்றார். "தேதி இன்னைக்குப் போடு. ஒண்ணாந்தேதி ஸ்டோர்ஸ்ல வந்து உக்காரு."

போட்டேன். இந்தத் தடவை அதில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை.